கெமிக்கல் படித்தேன், கெமிஸ்ட்ரி கொஞ்சம்தான் படித்தேன்

உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு ஏ எடுத்த பிள்ளைகள் "எனக்குக் கெமிஸ்ட்ரி பிடிக்கும், அதனால் கெமிக்கல் எஞ்சினியரிங் செய்யப் போகிறேன்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வாய் குறுகுறுக்கும். தாராளமாகச் செய்யட்டும், ஆனால் காரணம் அதுவாக இருந்தால் இரண்டாம் வருடத்தில் முகம் தொங்கிவிடும். நான்கு வருடத்தில் நான் கெமிஸ்ட்ரி என்று உட்கார்ந்து படித்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் குழாய், பம்ப், நீராவி, அமுக்கம், காசு. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, மிச்சம் எங்கே? கடைக்காரர் இரவில் கல்லாப்பெட்டியை எண்ணிப் பார்க்கிற அதே கேள்விதான், நாங்கள் அதைக் கிலோவிலும் ஜூலிலும் கேட்கிறோம்.

வீடு வெள்ளவத்தை. படித்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அதனால் ஹொஸ்டல் கதை எதுவும் என்னிடம் இல்லை, பஸ் கதைதான் இருக்கிறது. 100 அல்லது 101இல் ஏறி, காலி வீதியால் கட்டுபெத்தைச் சந்தி வரைக்கும் நின்றபடி போய், அங்கிருந்து கம்பஸுக்கு நடை. கொழும்பு மாவட்டத்தில் பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி எந்த உயரத்தில் நிற்கும் என்று இங்கே ரியூசனுக்குப் போன எல்லாருக்கும் தெரியும், அதைத் தாண்டி உள்ளே போன பிறகும் போட்டி விடாது. நான் படித்த காலத்தில் ஆரம்பம் எல்லாத் துறைக்கும் பொது. அதில் எடுத்த பெறுபேற்றை வைத்துத்தான் துறை கிடைக்கும். பெரும்பாலானவர்கள் கணினி, மின்னணுவியல் என்றே முதலில் எழுதுவார்கள். நான் கெமிக்கலை மேலே போட்டேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை, ஆனால் சொந்தக்காரர்களுக்கு விளங்கப்படுத்துவது பெரிய பாடு. "கெமிக்கல் எண்டால் என்ன பிள்ளை, மருந்து செய்யிறதோ?" என்று ஒரு மாமி கேட்டார். "பெற்றோல் சுத்திகரிக்கிறது, ரப்பர், சீமெந்து, குடிதண்ணீர், இதெல்லாம் மாமி" என்றேன். "அப்ப சப்புகஸ்கந்தையிலை வேலை கிடைக்குமாக்கும்" என்று முடித்துவிட்டார். நாட்டில் இருக்கிற ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அதுதான், ஒவ்வொரு பட்ச்சும் அங்கேயே போக முடியுமா என்ன.

தமிழில் உயர்தரம் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சில மாதம் லெக்சரில் சொல்வது காதுக்குள் போகும், மண்டைக்குள் போகாது. கணக்கு விளங்கும், கேள்வியின் வசனம் விளங்காது. இதற்குப் பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை, குப்பிதான். சீனியர் அண்ணாமார் பரீட்சைக்கு முன்னால் ஒரு வகுப்பறையைப் பிடித்து, தமிழும் இங்கிலிசும் கலந்து, பாஸ்ட் பேப்பரை வரி வரியாகப் பிரித்துப் போடுவார்கள். நானும் பிறகு செய்தேன். வெட்கப்படாமல் போய் உட்காருங்கள், சிங்களத்தில் நடக்கிற குப்பிக்கும் போங்கள். சிங்களம் எப்படியும் தேவைப்படும், அதைக் கீழே சொல்கிறேன்.

சரி, பாடத்துக்கு வருவோம். இந்த டிகிரியின் முதுகெலும்பு மாஸ் அண்ட் எனர்ஜி பாலன்ஸ், அதாவது மேலே சொன்ன அந்த உள்ளே-வெளியே கணக்கு. அது பிடிபட்டால் பிறகு வருகிற வெப்பப் பரிமாற்றம், வடித்தல், ரியாக்டர் எல்லாம் அதே கேள்வியை வேறு வேறு உடுப்பில் கேட்பவைதான். எனக்கு அது பிடிபட்டது அமோனியா தயாரிப்பு பற்றிய ஒரு டியூட்டில் (பயிற்சிக் கணக்கில்). நைதரசனும் ஐதரசனும் போகின்றன, ஒருமுறை போவதில் கொஞ்சம்தான் அமோனியாவாக மாறும், மாறாததைத் திருப்பிச் சுழற்றி மறுபடி உள்ளே அனுப்புகிறோம். நல்ல யோசனை. ஆனால் நைதரசன் காற்றிலிருந்து வருவதால் அதோடு காற்றிலுள்ள ஆகன் என்ற வாயுவும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அது எதோடும் தாக்கம் புரியாது, வெளியே போக வழியும் இல்லை, சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் குழாய் முழுக்க ஆகன்தான் ஓடும். ஆகவே சுழல்கிற வாயுவில் ஒரு சிறு பங்கை, அதிலுள்ள நல்ல நைதரசனும் ஐதரசனும் போனாலும் பரவாயில்லை என்று, வேண்டுமென்றே வெளியே விட வேண்டும். எவ்வளவு விடுவது? கூட விட்டால் காசு போகிறது, குறைய விட்டால் ஆகன் நிறைகிறது. அந்த அளவைக் கணக்கிட்டு முடித்த இரவில்தான் இந்தத் துறை எனக்கு உண்மையாகவே பிடித்தது.

தெர்மோ (வெப்ப இயக்கவியல்) அப்படி இல்லை. முதல் பாதி ஓடும், பிறகு ஃபியூகாசிட்டி (இலட்சிய வாயு போல நடக்காத வாயுவுக்குத் திருத்திய அமுக்கம்) வரும், அதிலிருந்து கொஞ்ச நாள் இருட்டு. எனக்கு வெளிச்சம் வந்தது காஸ் சிலிண்டரால். 2021 கடைசியில் நாடு முழுக்க வீடுகளில் காஸ் வெடிப்புகள் நடந்தன, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். புரொப்பேன், பியூட்டேன் கலவை 20க்கு 80 ஆக இருந்தது 50க்கு 50 ஆனதுதான் காரணம் என்று பேச்சு. "நீ கெமிக்கல்தானே, சொல்லு பாப்பம்" என்று அம்மா சிலிண்டரின் முன்னால் நிற்கிறார். அப்போது வகுப்புகள் ஒன்லைனில், கொப்பி கையில்தான் இருந்தது. கொழும்புச் சூட்டில், 30 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், தனிப் புரொப்பேனின் ஆவியமுக்கம் சுமார் 10.8 பார், பியூட்டேனுடையது சுமார் 2.8 பார். ரவோல்ட் விதியின்படி ஒவ்வொன்றையும் அதன் மூல் பின்னத்தால் (கலவையில் அதன் பங்கால்) பெருக்கிக் கூட்டினால் பழைய கலவைக்கு 4.4 பார் வருகிறது, புதியதற்கு 6.8 பார். அதே சிலிண்டர், அதே ரெகுலேட்டர், அதே சீல், உள்ளே அமுக்கம் மட்டும் ஒன்றரை மடங்கு. ரெகுலேட்டர் வரைக்கும் எங்காவது பலவீனமான இடம் இருந்தால் அது அங்கே தெரிந்துவிடும். கணக்கைக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, "அப்ப இப்ப என்ன செய்யிறது?" என்றார். ஃபியூகாசிட்டி அதற்குப் பதில் சொல்லாது. சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன், மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறக்கச் சொன்னேன், காஸ் காற்றைவிடப் பாரம், தரையோடுதான் கிடக்கும் என்றும் சொன்னேன். அயலில் இரண்டு மூன்று வீட்டுக்கும் போய் அதைச் செய்தேன்.

2022ஐப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை, பஸ்ஸுக்கு டீசல் இல்லை. மடிக்கணினியில் சார்ஜ் இருக்கிற நேரத்தில் சிமுலேஷன், இல்லாத நேரத்தில் மெழுகுதிரியும் நீராவி அட்டவணையும். லாப்பில் பாதி அதற்கு முன்பே கொரோனாவோடு வீடியோவாகிவிட்டது. வடித்தல் நிரல் ஒன்றை முதல்முறை நேரில் தொட்டபோது நான் நினைத்ததைவிட நெட்டையாக இருந்தது, அவ்வளவுதான்.

டிரெய்னிங் வேறு கதை. பியகம பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஆறு மாதம். பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாகப் போய், கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் முங்கி, இறப்பர்ப் பாலில் முங்கி, சுடுதண்ணீரில் கழுவப்பட்டு, அடுப்புக்குள் போய் வெந்து வருகிற காட்சியை முதல் நாள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அமோனியா மணம் முதல் கிழமை கண்ணைக் கசக்க வைக்கும், பிறகு வீட்டுக்கு வந்தால்தான் உடுப்பில் தெரியும். எனக்குத் தந்த வேலை நீராவிக் கணக்கு. விறகில் ஓடுகிற கொதிகலன். அதற்குள் போகிற தண்ணீருக்கு மீற்றர் இருந்தது, ஒடுங்கித் திரும்பி வருகிற தண்ணீருக்கும் அளவு எடுக்க முடிந்தது, இரண்டுக்கும் இடையே பெரிய ஓட்டை. 90 பாகையில் திரும்ப வேண்டிய ஒவ்வொரு கிலோ தண்ணீருக்கும் பதிலாக 28 பாகைத் தண்ணீரை ஊற்றினால் 260 கிலோஜூல் மேலதிகமாக விறகு தர வேண்டும். தாளில் அதுவரைக்கும் வந்தேன். எந்த இடத்தில் போகிறது என்று தாள் சொல்லவில்லை.

அதைக் காட்டித் தந்தவர் வயதான ஃபிட்டர் ஒருவர். என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார், சிங்களத்தில் மெதுவாக, எனக்கு விளங்கும் வேகத்தில் பேசுவார். நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை ஸ்டீம் ட்ராப்பில் (ஒடுங்கிய தண்ணீரை மட்டும் வெளியே விட்டு நீராவியைத் தடுக்கிற வால்வில்) வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கச் சொன்னார். ஒழுங்காக வேலை செய்கிற ட்ராப் விட்டு விட்டு "டக்" என்று தட்டும். கெட்டுத் திறந்தபடி நிற்பது ஓயாமல் "உஸ்ஸ்" என்று இரையும். இருவருமாக லைன் முழுக்க நடந்து, இரைந்தவற்றுக்குச் சோக்கட்டியால் புள்ளடி போட்டோம். அவற்றை மாற்றிய பிறகு திரும்பி வந்த தண்ணீர் கூடியது, என் ரிப்போர்ட்டில் ஓட்டை சுருங்கியது. சிங்களம் தேவைப்படும் என்று சொன்னது இதற்குத்தான். மனேஜரோடு ஆங்கிலம் போதும், விஷயம் தெரிந்தவரோடு போதாது.

கடைசி வருடத்தின் டிசைன் புரொஜெக்ட்டுக்கு எங்கள் குழு எடுத்தது எரிசோடாவும் (சோடியம் ஐதரொட்சைட்டு) குளோரினும், இரண்டும் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி எடுப்பவை. யோசனை என்னுடையது. எங்கள் பெரியப்பா பரந்தன் கெமிக்கல்ஸில் வேலை செய்தவர். 1950களில் தொடங்கி, பக்கத்திலேயே ஆனையிறவு உப்பை வைத்துக்கொண்டு ஓடி, போரோடு நின்றுபோன தொழிற்சாலை. பிறகு அந்தப் பெயரிலேயே குளோரினை இறக்குமதி செய்து தண்ணீர் சுத்திகரிப்புக்குக் கொடுத்தார்கள். கணக்கு கேட்கவே அழகாக இருக்கும்: 1 தொன் குளோரினுக்கு 1.65 தொன் உப்பு போகும், கூடவே 1.13 தொன் எரிசோடாவும் 28 கிலோ ஐதரசனும் வந்தே தீரும். குளோரின் மட்டும் போதும், மற்றது வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒன்றை விற்க முடியாவிட்டால் மற்றதையும் நிறுத்த வேண்டியதுதான். எங்கள் பொருளாதாரப் பகுதி முழுக்க அந்தச் சண்டைதான். மின்சாரம் ஒரு தொன் குளோரினுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல்.

பெரியப்பாவுக்கு வரைபடத்தை விரித்துக் காட்டினேன். கன நேரம் பார்த்தார். "கரண்ட் போனால் குளோரினை எங்க விடுவியள்?" என்று மட்டும் கேட்டார். ஹாசொப் அமர்வுக்கு (ஆலையில் எங்கே என்ன பிழைக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கிற கூட்டத்துக்கு) அந்தக் கேள்வியை நான் அப்படியே கொண்டு போனேன். கசிகிற குளோரினைக் கழுவுகிற ஸ்க்ரப்பருக்குப் பம்ப்தான் எரிசோடாவை ஏற்ற வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். ஆகவே மேலே ஒரு தாங்கி, தானாக இறங்குகிற மாதிரி, அதோடு தனி ஜெனரேட்டர். நாங்கள் எல்லாரும் 1984 போபால் நச்சுவாயுக் கசிவைப் படித்தவர்கள், 2021 மே மாதம் நைத்திரிக் அமிலத்தோடு வந்து எங்கள் கடலிலேயே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலைச் செய்தியில் பார்த்தவர்கள். யாரும் அதை வீண் செலவு என்று சொல்லவில்லை. வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) அந்தப் பக்கத்தில்தான் கூடக் கேள்வி வந்தது.

வேலை என்று பார்த்தால், எங்கள் பட்ச்சில் டயர், கையுறை, பெயின்ட், குடிதண்ணீர், உணவு என்று பரவியிருக்கிறார்கள். சிலர் மத்திய கிழக்குக்குப் போய்விட்டார்கள், சிலர் மேற்படிப்புக்கு, சிலர் மென்பொருளுக்கு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல், பொறியியல் டிகிரிகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்கிற வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது, அதனால் அங்கீகாரம் பெற்ற டிகிரிக்கு வெளியேயும் மதிப்பு இருக்கிறது. வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உள்ளவர்கள், கம்பஸை விட்டு வெளியேறுவதற்கு முன் பெறுபேற்றுப் பத்திரத்தோடு ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் டிரெய்னிங் ரிப்போர்ட்டையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மினக்கெட்டு வந்து எடுப்பது பெரிய அலைச்சல். டிசைன் புரொஜெக்ட் பற்றி யாருக்காவது விவரம் வேண்டுமென்றால் கேளுங்கள், எங்கள் உப்புக் கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது.