டபுள் பாஸில் விவால்டி

இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி செல்லோவுக்கு எழுதிய ஆறு சொனாட்டாக்கள் (பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்புகள்) 1740 வாக்கில் பாரிஸில் அச்சாயின. வயலின் குடும்பத்தில் செல்லோவைவிடப் பெரிய டபுள் பாஸை வாசிக்கிற எங்களுக்கு அவற்றின் மேல் தீராத ஆசை. அதிலும் ஐந்தாவது, இ மைனர்!

ஆனால் டபுள் பாஸ், எழுதியிருப்பதைவிட ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே ஒலிக்கும் வாத்தியம். செல்லோ தாளை அப்படியே வைத்து வாசித்தால் மெலடி பல இடங்களில் துணை வாத்தியங்கள் வாசிக்கும் அடித்தளப் பகுதியான கன்டின்யுவோவின் பாஸ் வரிக்கும் கீழே போய்விடும். பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டில் இடது கை ‘இ’ ஸ்வரத்தில் நிற்கும்போது நாம் அதற்கடியில் ‘பி’ வாசித்தால், காதுக்கு அந்த ‘பி’தான் அஸ்திவாரம். உறுதியாக நிற்க வேண்டிய கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு) தள்ளாடும். விவால்டி கட்டிய ஹார்மனியே மாறிப்போகும்.

அதனால் செல்லோ ஒலிக்கும் ஸ்தாயியிலேயே வாசிப்பதுதான் சரி என்பேன். பெரும்பாலும் தந்தியின் பாதியைத் தாண்டி, கட்டைவிரலைத் தந்தி மேல் பதித்து வாசிக்க வேண்டும். மெதுவான லார்கோ பகுதியில் சுருதி இம்மி நழுவினாலும் தெரிந்துவிடும். சிலர் தந்திகளை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி சோலோ டியூனிங்கில் வாசிக்கிறார்கள். ஒலி இன்னும் தெளிவாகிறது.

அப்புறம், துணைக்கு ஹார்ப்சிகார்டோடு பாஸ் வரியைப் பிடிக்க ஒரு செல்லோவும் கிடைத்தால் விடாதீர்கள். செல்லோ கீழே, டபுள் பாஸ் மேலே! அந்த இடமாற்றம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.