மண்டபம் கேம்பில் பிறந்தவன் பாஸ்போர்ட் எடுத்த கதை

இந்தியப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததிலிருந்து இலங்கை அகதிகள் கேம்புப் பையன்கள் பலர் இதைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, குடியுரிமைக்கு எங்க மனு போட்டீங்க?"

நான் குடியுரிமைக்கு மனுவே போடவில்லை. 1985இல் மண்டபம் கேம்ப் ஆஸ்பத்திரியில் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் அதற்கு முந்தின வருடம் இலங்கையின் பேசாலையிலிருந்து தோணியில் வந்தவர்கள். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்வது இதுதான்: 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி அப்பா அம்மா எந்த நாட்டுக்காரர் என்று அந்தக் காலத்துப் பிறப்புக்குச் சட்டம் கேட்பதில்லை. ஆக, எனக்கு ஏற்கெனவே இருந்த ஒன்றை அரசாங்கத்தை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் என் வேலையாக இருந்தது.

அதற்கு எந்த ஆபீஸ் எதற்குப் பொறுப்பு என்று முதலில் தெரிய வேண்டும். கேம்பில் நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மாநில அரசுதான். தனித்துணை ஆட்சியர், ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், கேம்ப் ஆட்களின் கணக்கெடுப்பு, கியூ பிராஞ்ச் என்கிற உளவுப் போலீஸ் என்று எல்லாமே சென்னையோடு சேர்ந்தவை. அதனால் நம் தலையெழுத்தும் அங்கேயே முடிவாகிறது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் குடியுரிமையும் வெளிநாட்டவர் விவகாரமும் அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் வருபவை. டெல்லியில் அவற்றைப் பார்ப்பது உள்துறை அமைச்சகம். பாஸ்போர்ட் கொடுப்பதோ வெளியுறவு அமைச்சகத்தின் வேலை. அதற்கான விசாரணையை நடத்தும் போலீஸ் மாநிலத்துடையது. ஒரே ஆளின் காகிதம் இந்த மூன்று இடத்துக்கும் போய்வர வேண்டும்.

உள்துறை என்றால் போலீஸ், எல்லைப் பாதுகாப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நாட்டின் பிறப்பு, இறப்புப் பதிவுக்கெல்லாம் மேலே இருக்கும் இந்தியத் தலைமைப் பதிவாளர் அந்த அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறார். கேம்பில் மாநில அரசு கொடுக்கும் டோல் பணத்தை, அதாவது மாத உதவித்தொகையை, மாநிலத்துக்குத் திருப்பித் தருவதும் அதே அமைச்சகம். "இவன் இங்கே பிறந்தான்" என்ற பதிவுக்கு மேலே இருப்பவர்களும், என்னை இலங்கை அகதி என்று எண்ணிக் கொடுத்த உதவித்தொகைக்குப் பணம் தந்தவர்களும் ஒரே அமைச்சகத்தில் இத்தனை வருடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு பொறுக்கவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் பிறப்புச் சான்றிதழ். கணினியில் தேடினால் 1985 வராது. பதிவேட்டுப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். தேதி சரியாகத் தெரியாவிட்டால் தேடுவது பெரும்பாடு. அம்மாவுக்குத் தேதி நினைவில்லை, மாசி மாதம் என்பது மட்டும் நினைவிருந்தது. ஞானஸ்நானம் கொடுத்த கோயில் புத்தகத்தில் தேதி கிடைத்தது. பதிவேட்டில் "ஆண் குழந்தை" என்றுதான் இருந்தது, பெயர் இல்லை. அப்பா பெயரில் ஒரு எழுத்து பிசகியிருந்தது. அந்தச் சமயம் பழைய பதிவுகளுக்கும் பெயர் சேர்க்க அவகாசம் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூட டி.சி., பெற்றோரின் கேம்ப் பதிவு அட்டை, உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் கொடுத்துப் பெயரைச் சேர்த்தேன். முழுக் காரியத்திலும் கஷ்டமான பகுதி இதுதான். இது கையில் இல்லாமல் வேறு எந்த ஆபீஸுக்கும் போக வேண்டாம்.

ஆதார் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். ஆதார் இங்கே குடியிருப்பவருக்குக் கொடுப்பது. அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டத்திலேயே இருக்கிறது.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் எந்த வகையில் குடியுரிமை என்று ஒரு கேள்வி வரும். "பிறப்பால்" என்று குறித்தேன். விசாரணைக்கு வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பெற்றோர் அகதிகள் என்பதால் விண்ணப்பம் நின்றுபோனது. நேரில் போனபோது வாயால் ஒரு காரணம் சொன்னார்கள். நான் எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். அதை எல்லாரும் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் மேலே போவதற்கு அந்தத் தாள்தான் பிடி.

அதை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனேன். 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் அந்தக் கிளை உத்தரவிட்டிருந்தது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த அவர், 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்தத் தீர்ப்பின் நகல்தான் என் மனுவுக்கு முதுகெலும்பு. என் விண்ணப்பத்தைப் பிறப்புத் தேதியை வைத்துப் பரிசீலிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அப்புறம் அதிகம் இழுக்கவில்லை, தபாலில் பாஸ்போர்ட் வந்தது. வாக்காளர் பட்டியலுக்கு 6ஆம் எண் படிவம் கொடுத்தேன். இராமநாதபுரம் தொகுதியில் இப்போது எனக்கு ஓட்டு இருக்கிறது.

என் தங்கைக்கு இது எதுவும் நடக்கவில்லை. அவளும் அதே ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள், 1991இல். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்பு வரை பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் நாங்கள், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஒரு தேதிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

என் மகள் 2012இல் பிறந்தவள். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளைக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் குடிமக்களாக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் குடிமகன் என்றால் மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி"யாக இருக்கக் கூடாது. என் மனைவி 1990இல் கைக்குழந்தையாகப் படகில் வந்தவள். 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்குத் தந்து 2025 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் ஆணை போட்டது. அது பெரிய ஆறுதல்தான். ஆனால் அது குடியுரிமை தரும் ஆணை இல்லை. மகள் விஷயத்தில் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.

தங்கைக்கு வக்கீல் வேறு வழி சொல்லியிருக்கிறார். சட்டவிரோதக் குடியேறி என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், உரிய பத்திரம் இல்லாமல் இந்தியாவுக்குள் "நுழைந்த" வெளிநாட்டவர் பற்றியது. அவள் எந்த எல்லையையும் தாண்டி வரவில்லை, இங்கேயே பிறந்தவள். அதைச் சொல்லி, நெடுங்காலம் இங்கே வாழ்ந்ததைக் காட்டிக் குடியுரிமை கேட்கும் 6ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பம் தயார் செய்கிறோம். அது ஆட்சியர் வழியாக மாநில அரசுக்குப் போய், அங்கிருந்து உள்துறை அமைச்சகத்துக்குப் போகும்.

வேறு முகாம்களில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோணியில் வந்தவர்களில் பெரும்பாலானவர்களை முதலில் மண்டபத்தில் வைத்துத்தான் பிறகு மற்ற முகாம்களுக்கு அனுப்பினார்கள். ஆகவே இப்போது பவானிசாகரிலோ கும்மிடிப்பூண்டியிலோ இருந்தாலும், 1987 ஜூலைக்கு முன்பு பிறந்தவர் என்றால் உங்கள் பிறப்பு மண்டபத்துப் பதிவேட்டில் இருக்க வாய்ப்புண்டு. அம்மா உயிரோடு இருக்கும்போதே எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேட வருகிறவர்களுக்குத் துணைக்கு நான் வருகிறேன்.