டிராகனைக் கொன்ற சுமைதூக்கி

"அப்பா, ஹீரோவுக்குக் கால்ல அடியா?"

பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள். அடியெல்லாம் இல்லை. சற்று முன்புதான் ஒரு டிராகனைக் கொன்றிருந்தேன். அதன் எலும்பையும் செதிலையும் வழித்துப் பையில் போட்டதில் ஆள் ஓட மாட்டேன் என்கிறான், அவ்வளவுதான்.

ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வந்த கணினி விளையாட்டு. எல்லோரும் ஆடி அலுத்த பிறகு, போன மாதம்தான் நான் தொடங்கினேன். கதை என்னவோ பெரிய கதை. நம் தலையை வெட்டக் கொண்டுபோன இடத்தில் ஆல்டுயின் என்ற கறுப்பு டிராகன் வந்து இறங்குகிறது, அந்தக் களேபரத்தில் நாம் தப்பிக்கிறோம். அது உலகத்தையே விழுங்க வந்திருக்கிறது, தடுக்க நம்மை விட்டால் ஆளில்லை. எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்த நேரம் பார்த்து மேசைமேல் ஒரு கரண்டி இருந்தது. மவுஸைக் கொண்டுபோனால் 'எடு' என்று காட்டியது. எடுத்தேன். கெட்டது அங்கேதான்.

இந்த உலகத்தில் கண்ணில் படுவதில் பாதியைக் கையில் எடுக்கலாம். தட்டு, வாளி, துடைப்பம், முட்டைக்கோஸ், கல்லறையில் சவத்தின்மேல் சுற்றியிருந்த துணி வரைக்கும். ஆரம்பத்தில் 300 எடைதான் தூக்க முடியும். அதைத் தாண்டி அரைக் கிள்ளு கூடினாலும் ஓட்டம் நின்று நடை வந்துவிடும், வரைபடத்தில் தொட்டு ஒரே தாவாக ஊர் போய்ச் சேரும் வசதியும் போய்விடும். தங்கக் காசுக்கு எடையே கிடையாது. டிராகன் எலும்பு ஒன்றின் எடை 15.

அன்றைக்குக் கிடைத்தவை மூன்று எலும்பு, மூன்று செதில். செதில் ஒன்று 10. ஆக 75. ஏற்கெனவே விளிம்பில் நின்றவன் நான். எதையாவது கீழே போட வேண்டும். பட்டியலைத் திறந்து மேலும் கீழும் பார்த்தேன். துடைப்பமா? இருக்கட்டும், தேவைப்படும். எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசியில் பையிலிருந்த சீஸ் வட்டுகளைத் தின்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். பட்டியல் திறந்திருக்கும் வரை வெளியே காலம் நின்றுவிடும் என்பதால் எவ்வளவு தின்றாலும் ஒரு நொடிகூட ஆகாது. ஒரு வட்டு 2 எடை. எட்டு வட்டைத் தின்றால் ஓர் எலும்புக்கு இடம் கிடைக்கும். தின்றேன். மீதி எலும்புக்குச் சீஸ் இல்லை.

ஆகவே நடை. ஒயிட்ரன் நகரத்து மதில் தூரத்தில் தெரிகிறது, நெருங்கி வருவதாகத் தெரியவில்லை. வாசல் அருகே வந்தபோது வானம் அதிர, மலையுச்சியிலிருந்து துறவிகள் ஒரே குரலில் என்னை அழைத்தார்கள்: "டோவாகீன்!" டிராகன் பிறவி என்று அர்த்தம். உடம்பு சிலிர்க்க வேண்டிய இடம். மகள் என்னைப் பார்த்தாள்.

"கூப்பிடறாங்கப்பா. போகலையா?"

"போவோம். கடை மூடறதுக்குள்ள இதை வித்துடறேன்."

கடைக்காரர் பெலதோர் கையில் இருப்பது 750 காசு. ரெண்டு சாமான் வாங்கினாலே மனிதர் துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடுவார். திரும்பவும் அவர் கையில் காசு புரள இரண்டு நாள் ஆகும். சரி என்று கடை வாசலிலேயே நின்று 'காத்திரு' பட்டனை அழுத்தினேன். இருபத்து நான்கு மணி நேரம். மறுபடியும் இருபத்து நான்கு மணி நேரம். உலகத்தைக் காப்பாற்ற வந்தவன் பழைய சாமான் கடை வாசலில் இரண்டு நாள் கம்பம் மாதிரி நின்றான். ஆல்டுயினுக்கு ஒரு குறையும் இல்லை. நாம் போகும்வரை அது காத்துக்கொண்டேதான் இருக்கும். இவ்வளவு மரியாதை தெரிந்த வில்லனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்புறம் அந்த ஊர்த் தலைவர், டிராகனைக் கொன்றதற்குப் பரிசாக லிடியா என்ற மெய்க்காவலரைக் கொடுத்தார். எஃகுக் கவசம், வாள், உயிரையும் கொடுக்கும் விசுவாசம். எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்னொரு பை. விற்காத எலும்பு, துடைப்பம், பதினொரு வாள் எல்லாம் அவர் தலையில் ஏறின. உங்கள் சுமையைச் சுமப்பேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன் என்பார். சொல்லும் தொனி இருக்கிறதே, மாதக் கடைசியில் கூடுதல் வேலை வாங்கும் மேலாளரிடம் "சரிங்க சார்" என்று சொல்லும் அதே தொனி.

"அந்த அக்கா கோவமா இருக்காங்கப்பா."

"அவங்க குரலே அப்படித்தான்மா."

ஒரு வழியாக மலையேறப் புறப்பட்டோம். துறவிகளின் மடத்துக்குப் போக ஏழாயிரம் படி என்று பேச்சு. எண்ணிப் பார்த்தவர்கள் ஆயிரம்கூடத் தேறாது என்கிறார்கள். அடிவாரத்தில் ஒருவர், மேலே போகிறாய் அல்லவா, இந்த மூட்டையையும் கொடுத்துவிடு என்றார். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்.

பாதி வழியில் பனி ட்ரோல் என்ற ராட்சத மிருகம் ஒன்று பாய்ந்தது. ட்ரோலுக்கு நெருப்பு ஆகாது என்பது தெரியும். இரண்டு கையாலும் நெருப்பைப் பீய்ச்சினேன். அடிபட்டு மண்டியிட்டிருந்த லிடியா சரியாக நடுவில் இருந்தார். ட்ரோல் விழுந்தது. லிடியாவும் விழுந்தார், எழவில்லை.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஓடிப்போய் அவர் அருகில் நின்றேன். நின்று, பையைத் திறந்தேன். எலும்பு, செதில், பதினொரு வாள். இத்தனையையும் இனி யார் தூக்குவது என்று நினைத்தபோதுதான் தொண்டை அடைத்தது. எஃப்9-ஐ அழுத்தி, முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்து ஆட்டத்தை லோட் செய்தேன். அடிவாரத்தில் லிடியா உயிரோடு நின்றிருந்தார்.

"அந்த அக்காவை உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமாப்பா?"

"பின்னே?"

"அப்போ கொஞ்சம் சாமானை நீங்க வாங்கிக்கோங்க. பாவம்."

நியாயம்தான். பட்டியலைத் திறந்து நிதானமாகப் பார்த்து, ஒரு முட்டைக்கோஸை வாங்கிக்கொண்டேன். எடை 0.25.