குரூப் போட்டோவுக்குள் ஜூம், பேன் செய்த அனுபவம்

அப்பாவும் அவருடைய வகுப்புத் தோழர்களும் 1975-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள். அன்றைக்கு அது பதினோராம் வகுப்பு. 50-ஆம் ஆண்டுச் சந்திப்புக்கு ஒரு வீடியோ வேண்டும் என்று முடிவானதும், வேலை என்னிடம் வந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளை குரூப் போட்டோ. கெட்டி அட்டையில் ஒட்டி, மேலே பட்டர் பேப்பர் மூடி, கீழே ‘அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்’ என்று பெயர்களை அச்சிட்ட பழைய பாணிப் படம். மொத்தம் 58 பெயர்கள். அப்பா சொன்னது ஒன்றுதான்: “எல்லா மூஞ்சியும் தெரியணும்மா.”

ஒரே படத்தை வைத்து மூன்று நிமிடம் ஓட்ட வேண்டுமென்றால் படத்துக்குள் நாம்தான் நடக்க வேண்டும். நெருங்கிப் போவது ஜூம், பக்கவாட்டில் நகர்வது பேன். அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸின் பெயரால் இந்த உத்தியைக் கென் பர்ன்ஸ் எஃபெக்ட் என்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி 1990-ல் வந்த ஆவணத் தொடரில் அவர் இதை அவ்வளவு நன்றாகப் பயன்படுத்தியிருந்தார். 1860-களின் போர் அது; ஓடும் படம் எதுவும் கிடையாது, புகைப்படங்கள் மட்டும்தான். 2003-ல் ஆப்பிள் தன் வீடியோ எடிட்டிங் மென்பொருளான ஐமூவியில் அவர் பெயரிலேயே இதைச் சேர்த்தது. என்னிடமும் புகைப்படம் மட்டும்தான் என்பதால் தைரியமாக ஆரம்பித்தேன்.

முதலில் போட்டோவைப் போனில் எடுத்து, போனிலேயே ஒரு ஆப்பில் போட்டு ஜூம் கொடுத்தேன். இரண்டு கோளாறு. ஒன்று, முகங்கள் கலங்கின. போன் படத்தில் 10 அங்குல போட்டோவின் அகலத்துக்குச் சுமார் 3,600 பிக்சல் கிடைத்திருந்தது. நான் காட்ட நினைத்ததோ இரண்டு மூன்று பேர் மட்டும் தெரியும் நெருக்கம், அதாவது தாளில் 1.6 அங்குல அகலம். அதில் இருப்பது 576 பிக்சல்தான். அதை 1,920 பிக்சல் திரைக்கு இழுத்தால் கலங்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது கோளாறு என்னை ரொம்பக் குழப்பியது. மெதுவாக ஜூம் செய்தால் படம் நடுங்கியது. காரணத்தைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடித்தேன். ஆறு வினாடியில் 100-லிருந்து 110 சதவீதத்துக்குப் போனால், திரையின் ஓரத்தில் இருக்கும் புள்ளி 96 பிக்சல் நகர்கிறது. வீடியோவில் வினாடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப் படம், என்றால் 150 பிரேம். ஒரு பிரேமுக்கு 0.64 பிக்சல். மென்பொருள் அதை முழு எண்ணாக்கினால், சில பிரேமில் ஒரு பிக்சல் நகரும், சில பிரேமில் அப்படியே நிற்கும். நம் கண்ணுக்கு அது நடுக்கமாகத் தெரிகிறது. படத்தைப் பல மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஜூம் செய்வது ஒரு வழி, பின்னப் பிக்சலையும் கணக்கில் எடுக்கும் மென்பொருளுக்கு மாறுவது இன்னொரு வழி. நான் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்புக்கு மாறினேன்.

அப்புறம் ஸ்கேன். வீட்டு ஸ்கேனரில் அட்டை கண்ணாடியில் படியாமல் விளிம்பில் முட்டி நின்றது. போட்டோவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. மெல்லிசான ஸ்கேனர்களுக்கு அந்த இடைவெளி போதும், படம் மங்கிவிடும். பெரிய ஸ்கேனர் வைத்திருந்த ஒரு ஸ்டுடியோவில் 1,200 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 1,200 பிக்சல் வீதம், எடுத்துத் தந்தார்கள். 12,000-க்கு 9,600 பிக்சல். தாளில் அவ்வளவு விவரம் இருந்தது என்பது எனக்கே ஆச்சரியம்; சட்டைப் பொத்தானை எண்ண முடிந்தது. இப்போது 1.6 அங்குலம் சரியாக 1,920 பிக்சல். முழுப் படத்தையும் ஏற்றியதும் லேப்டாப் திணறியதால், நான்கு வரிசையையும் நான்கு நீளத் துண்டாக வெட்டிக்கொண்டேன். ஆசிரியர்கள் வரிசையில் 13 பேர், பின்னால் நிற்கும் மூன்று வரிசையில் தலா 15 பேர்.

இங்கே ஒரு அமைப்பைக் கவனிக்க வேண்டும். ரிசால்வ் எந்தப் படத்தையும் திரைக்குள் முழுசாக அடங்கும்படி சுருக்கித்தான் முதலில் காட்டும். துண்டைப் போட்டதும் நடுவில் ஒரு ரிப்பன் மாதிரி தெரிந்தது. இன்ஸ்பெக்டர் என்ற அமைப்புப் பலகையில், ஸ்கேலிங் என்ற இடத்தில் ‘கிராப்’ என்று மாற்றினால், பிக்சலுக்குப் பிக்சல் அப்படியே வரும். அதன் பிறகு பொசிஷன் எக்ஸுக்கு, அதாவது படத்தின் இடவல நிலைக்கு, தொடக்கத்தில் ஒரு கீஃப்ரேம், முடிவில் ஒரு கீஃப்ரேம். எந்த நேரத்தில் படம் எங்கே இருக்க வேண்டும் என்று வைக்கும் குறிதான் கீஃப்ரேம். அவ்வளவுதான் பேன்.

ஒரு வரிசைக்கு 14 வினாடி கொடுத்து அப்பாவிடம் காட்டினேன். “இதென்னம்மா, ஓடுற ரயிலுக்குள்ள இருந்து பிளாட்பாரத்தப் பாக்குற மாதிரி இருக்கு” என்றார். அவர் சொன்னது சரி. ஒளிப்பதிவில் ஒரு பழைய கணக்கு உண்டு: பேன் செய்யும்போது ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற ஏழு வினாடியாவது ஆக வேண்டும். அதன்படி வினாடிக்கு 274 பிக்சல். ஒரு வரிசையில் நகர வேண்டிய தூரம் 8,880 பிக்சல். ஆக, ஒரு வரிசைக்கு 32 வினாடி. ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்கு இரண்டரை வினாடிக்குச் சற்று மேல். பெயரை நிதானமாகச் சொல்லி முடிக்க அது போதும்.

அப்படியும் விட்டு விட்டுத் தெரிந்தது. கேமராவைத் திருப்பிப் படம் பிடித்தால் ஒவ்வொரு பிரேமிலும் அசைவின் தடம் லேசாகக் கலங்கிப் பதியும். அந்தக் கலங்கல்தான் அசைவைச் சேர்த்து ஒட்டுகிறது. ஸ்டில் படத்தில் அது கிடையாது. ஒவ்வொரு பிரேமும் கூர்மையாக 11 பிக்சல் தாவுகிறது. அதனால் வினாடிக்கு 50 பிரேம் என்று வைத்தேன், தாவல் பாதியானது. ஆனால் டைம்லைனில் (படங்களை நேர வரிசையில் அடுக்கும் இடம்) படம் ஏறிய பிறகு பிரேம் ரேட்டை மாற்ற முடியாது. புது டைம்லைன் தொடங்கி, ஒரு மாலை முழுக்கச் செய்ததை மறுபடி செய்தேன். இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல், வரிசை நேராக இல்லை. பெஞ்சு ஒரு பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். முகங்கள் வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்கின. நடுவில் மூன்று நான்கு கீஃப்ரேம் போட்டு உயரத்தைச் சரிசெய்தேன். ஒவ்வொன்றிலும் வேகம் குறைந்து கூடி, யாரோ பிடித்துப் பிடித்து இழுப்பது போல ஆகிவிட்டது. கீஃப்ரேம் கூடக் கூட அசைவு கெடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கிம்ப் என்ற பட எடிட்டிங் மென்பொருளில் அந்தத் துண்டை ஒரு டிகிரி சுழற்றி நேராக்கினேன். இரண்டே கீஃப்ரேம், இரண்டு முனையிலும் மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும் ஈஸ். வழுக்கிக்கொண்டு போனது.

பெயர்களை அப்பா குரலில் பதிவு செய்தோம். முதலில் தனியாகப் படிக்கவைத்தது தப்பு. சில பெயர்களில் அவர் நின்றுவிட்டார், படம் அவருக்காக நிற்கவில்லை. பிறகு ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொன்னேன். இறந்துபோனவர்களின் முகம் வரும்போது குரல் தாழ்ந்தது, ஆனால் முகத்தோடு பெயர் சேர்ந்தே வந்தது.

முடிந்தது என்று நினைத்தபோது அப்பா கேட்டார், “அண்ணன எங்கம்மா?”

கடைசி வரிசையின் இடது ஓரத்தில், மாணவர்களை விட்டுச் சற்றுத் தள்ளி, பள்ளியில் மணி அடித்தவர் நிற்கிறார். அப்பா அண்ணன் என்றது அவரைத்தான். அட்டையில் அவர் பெயர் இல்லை. பெயர்ப் பட்டியலை வைத்துத் துண்டு வெட்டிய நான் அவரை வெளியே விட்டிருந்தேன். பேனில் சேர்க்கவும் வழியில்லை; படமே அவரோடு முடிவதால் அவரைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்தால் பாதித் திரை காலி.

அதனால் கடைசி ஷாட்டை அவரிடமிருந்து தொடங்கினேன். அவர் முகத்தின் நெருக்கத்திலிருந்து முழுப் படத்துக்கு 12 வினாடி ஜூம் அவுட். சாதாரணமாகச் செய்தபோது, ரொம்ப நேரம் எதுவும் நடக்காமல், கடைசி இரண்டு வினாடியில் எல்லாரும் சடாரென்று சுருங்கினார்கள். 8.9 மடங்கிலிருந்து 1-க்கு இறங்கும்போது சமமாகக் கழித்துக்கொண்டே வந்தால் இப்படித்தான் ஆகும். கண்ணுக்கு விகிதம்தான் வேகம். கழிப்பதை விட்டுவிட்டு வகுத்தேன். மூன்று வினாடிக்கு ஒருமுறை 8.9, 5.15, 2.98, 1.73, 1. சீரானது. இங்கே மட்டும் நடுவில் கீஃப்ரேம் தேவைப்பட்டது, ஈஸ் இல்லாமல்.

முழுப் படத்தில் அவர் எங்கே நிற்கிறாரோ, அதே புள்ளியை ஜூமின் ஆதாரமாக வைத்தேன். அதனால் அவர் தொடக்கத்திலிருந்தே திரையின் இடது பக்கத்தில், இருந்த இடத்திலேயே நிற்கிறார். மற்ற 58 பேரும் வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக அவரோடு வந்து சேர்கிறார்கள். இரு பக்கக் காலி இடத்துக்குப் பழைய அட்டையின் பழுப்பு நிறத்தையே எடுத்துப் போட்டேன். அப்பா அவருடைய பெயரைச் சொல்ல, அதை எழுத்திலும் சேர்த்தேன்.

முழுப் படம் வந்த பிறகு ஐந்து வினாடி நிறுத்தியிருந்தேன். அப்பா பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்மா” என்றார். பன்னிரண்டாக்கினேன்.