ஒரு விகுதியை நீக்கியது பற்றி

2019-இல் ஒரு சிறுவர் நூலின் நடுப்பக்கத்தை நான் நீக்கினேன். நூல் டைனோசர்களைப் பற்றியது. 32 பக்கம், அதாவது இரண்டு ஃபாரம். எழுதியவர் அரியலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். தகவல்களைச் சரிபார்த்து, மெய்ப்புத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் பொறுப்பு. அந்தப் பக்கத்தை நீக்கியதற்குக் காரணம் ஓர் எலும்பு என்றுதான் அன்று சொன்னேன், எனக்கு நானேயும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் தகராறு ஒரு விகுதியைப் பற்றியது.

அவர் எழுதியிருந்தது இது: "நம் கல்லமேட்டில் ஒரு டைனோசர் வாழ்ந்ததாம். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளமாம். அதற்குப் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்களாம்." நான் மூன்று 'ஆம்'களையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இது ராஜா ராணிக் கதை அல்ல, சார். வாழ்ந்தது என்றால் வாழ்ந்தது என்று எழுதுவோம். உறுதி இல்லை என்றால் பக்கமே வேண்டாம்" என்று தொலைபேசியில் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பார்த்தவங்க சொன்னதை நான் சொல்றேன். அதுக்கு 'ஆம்' போடாம வேற எப்படிச் சொல்றது தம்பி?" என்று கேட்டார். நான் பக்க அளவைப் பற்றிப் பேசி, கேள்வியைக் கடந்துவிட்டேன்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. புருகத்காயோசாரஸை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் 1987-இல் விவரித்தார்கள். முதலில் அதை ஊன் உண்ணும் டைனோசர் என்றே வகைப்படுத்தினார்கள். பின்னர்தான் அது நீண்ட கழுத்துடைய தாவர உண்ணியாக இருக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. இடையில், அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்று ஐயுற்றவர்களும் உண்டு. சாத்தனூர்க் கல்மரம் கிடக்கும் வட்டாரத்தில் அப்படி ஐயுறுவதை வீண் வம்பு என்று தள்ளிவிட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எலும்புகள் இன்று இல்லை. களிமண்ணிலிருந்து வெளிப்பட்டவை ஈரத்தில் பொடிந்து போயின. எடுத்துக் காட்ட ஒரு துண்டும் இல்லாத விலங்கை, பூமியில் நடந்தவற்றிலேயே பெரியது என்ற தொனியில் நடுப்பக்கம் முழுவதும் வரைந்து எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுப்பது எனக்குப் பொறுப்பற்ற செயலாகத் தோன்றியது. தவிர, ஆசிரியரின் 'ஆம்' எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. பெயர் வைத்தது அச்சில் உள்ள செய்தி, அதற்குமா 'ஆம்'?

ஆனால் அதே நூலின் மற்றப் பக்கங்களைப் புரட்டும்போது இந்த நியாயம் நிற்க மாட்டேன் என்கிறது. நீக்கிய பக்கத்துக்குப் பதிலாக ஆர்ஜென்டினோசாரஸை வைத்தேன். 1993-இல் விவரிக்கப்பட்ட அதற்கும் முழு எலும்புக்கூடு கிடையாது. சில முதுகெலும்புகள், ஒரு கால் எலும்பு, இன்னும் சில துண்டுகள், அவ்வளவுதான். அவை ஆர்ஜென்டினாவின் பிளாசா ஊயின்குல் நகரத்து அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன என்பதே வேறுபாடு. அது சிறிய வேறுபாடு அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் தலை முதல் வால் வரை ஓவியர் அதை வரைந்தார், பச்சை வண்ணம் பூசினார், நான் கீழே "இருந்தது" என்று எழுதினேன். டைரனோசாரஸ் "கர்ஜித்தது" என்பதையும் அனுமதித்தவன் நான்தான். அது எப்படி ஒலி எழுப்பியது என்பதற்குச் சான்று ஏது? அந்த நூலில் ஊகம் இல்லாத பக்கம் ஒன்றுகூட இல்லை. ஊகம் என்பதை வாய்விட்டுச் சொன்ன ஒரே பக்கத்தைத்தான் நான் வெளியேற்றியிருக்கிறேன்.

இதில் என்னை அதிகம் குத்துவது ஓவிராப்டர் பக்கம். அதைத் திருத்தியதில் எனக்குப் பெருமை இருந்தது. 1923-இல் கோபி பாலைவனத்தில் முட்டைகளின் அருகே கிடைத்த விலங்கு அது. வேறொரு டைனோசரின் முட்டைகளைத் திருட வந்தது என்று கருதி, மறு ஆண்டு 'முட்டை பறிப்பது' என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டார்கள். 1993-இல் அதே வகை முட்டை ஒன்றினுள் ஓவிராப்டர் குடும்பத்துக் கருவே கிடைத்தது. திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டது தன் முட்டைகளோடுதான் இருந்திருக்க வேண்டும். ஆசிரியரின் பிரதியில் இருந்த "முட்டைத் திருடன்" என்ற தலைப்பை மாற்றச் சொன்னவன் நான். பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்: பெயர் வைத்த ஆஸ்போர்னே, அந்த 1924 கட்டுரையிலேயே, இதன் உணவுப் பழக்கத்தைப் பற்றி இப்பெயர் நம்மைத் தவறாக எண்ணவைக்கக்கூடும் என்று எச்சரித்திருந்தார். பின்னால் வந்த நூல்கள்தாம் எச்சரிக்கையை உதிர்த்துவிட்டுத் திருடனை மட்டும் வைத்துக்கொண்டன. அவற்றைத் தொகுத்தவர்களும் என்னைப் போலவே சிவப்பு மையோடு உட்கார்ந்து, பிள்ளைகளுக்குத் தெளிவு வேண்டும் என்று நினைத்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

பாட்டி கதையில் வரும் 'ஆம்' பொய்க்கு அடையாளம் என்று நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று தெரியவில்லை. "நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன்" என்பதை ஒரே விகுதியில் சொல்லிவிடும் வசதி நம் மொழியில் இருக்கிறது. அறிவியல் எழுத்துக்கு அது இழுக்கு என்று முடிவு செய்ததில் எவ்வளவு அறிவியல் இருந்தது, எவ்வளவு நகரத்து அலுவலக மிடுக்கு இருந்தது என்பதை இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை.

2022-இல் அய்யாசாமியும் இன்னொருவரும் சேர்ந்து, முன்பு வெளிவராத பழைய புகைப்படங்களோடு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது எலும்புதான், அந்த விலங்கு நீண்ட கழுத்துத் தாவர உண்ணிதான் என்பது அதன் வாதம். நூல் மறுபதிப்புக்கு வந்தபோது நானே ஆசிரியரை அழைத்து, பழைய பக்கத்தை அவருடைய 'ஆம்'களோடு அப்படியே சேர்த்துவிடலாம் என்றேன். மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். "அதான் இப்போ போட்டோ வந்துடுச்சே தம்பி, 'வாழ்ந்தது'ன்னே போடுங்க" என்றார். எலும்பு இன்னும் இல்லையே, சார், படம்தானே இருக்கிறது என்று நான் இழுத்தேன். "அன்னைக்கு 'ஆம்' வேண்டாம்னீங்க, இன்னைக்கு 'ஆம்' இல்லாம முடியாதுங்கிறீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா என்று தொலைபேசியில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓவியருக்கு இருபக்க அளவைக் கொடுத்து, விலங்கை மட்டும் வரையச் சொல்லியிருக்கிறேன்.