ஈரக் கைக்கு ஒரு பொத்தான்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பால் சேகரிப்பு நிலையம். தினமும் யார் எத்தனை லீற்றர் ஊற்றினார் என்று பதிய ஒரு செயலி கேட்டார்கள். கல்லடியில் எங்கள் குழுவில் நான்கு பேர்: வடிவமைப்புக்கு நான், டெவலப்பர்கள் இருவர், சோதனை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி. மேசையில் இருந்தபடியே ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியில் 14 திரைகள் வரைந்து முடித்தேன்.

அப்புறம்தான் மண்முனைப் பாலம் கடந்து அங்கே போனேன். 2014இல் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் படகுப் பாதைதான். காலை ஆறு மணி. நிலையத்தை நடத்தும் ஐயாவின் கை முழுக்கப் பால். போனை நீட்டினேன். ஈர விரல் பட்டதும் திரை எங்கெங்கோ தாவியது. "ஈரக் கையால தொட்டா இது சொல்லுக் கேக்குதில்லையே மனே" என்றார். பின்னால் கேன்களோடு வரிசை நின்றது. ஒருவருக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது.

திரும்பி வந்து சொன்னேன், டெவலப்பர்களில் ஒருவர் நம்பவில்லை. பெயரைத் தேடி எடுக்கும் வசதி கட்டாயம் வேண்டும் என்று நின்றார். இரண்டு நாள் வாக்குவாதம். சரி, வாருங்கள் என்று அடுத்த வாரம் அவரையும் கூட்டிப்போனேன். ஐயாவின் பக்கத்தில் நின்று அவரே பத்துப் பேருக்குப் பதிந்து பார்த்தார். திரும்பி வரும்போது, "தேடலே வேண்டாம். நேற்று வந்த வரிசையில் பெயர்களைக் காட்டுவோம், அநேகமாக அதே ஆட்கள் அதே நேரத்துக்குத்தானே வருகிறார்கள்" என்றார். எனக்குத் தோன்றாத யோசனை அது. இப்போது எந்த வேலையிலும் முதல் நாளே டெவலப்பரையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.

திரைகள் மூன்றாகச் சுருங்கின. ஆண்ட்ராய்டு சொல்லும் குறைந்தபட்சப் பொத்தான் அளவு 48 டிபி (திரையில் அளக்கும் அலகு). நாங்கள் அதை இரட்டிப்பாக்கினோம். 'சமர்ப்பிக்கவும்' அதற்குள்ளும் அடங்கவில்லை. ஐயா சொல்லும் 'பதி' அடங்கியது. சிக்னல் இல்லாவிட்டால் கணக்கு போனிலேயே இருந்து பிறகு போகும்.

தங்கச்சி விரல்களைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அழுத்திப் பார்த்தாள். ஒரே பால் இரண்டு முறை பதிவானதைக் கண்டுபிடித்தது அவள்தான். பதிந்ததும் எண் பெரிதாகத் தெரிந்து, பக்கத்தில் 'அழி' வரும்படி மாற்றினோம்.

முதல் மாதம் கொப்பியிலும் எழுதச் சொன்னேன். மாத முடிவில் ஓர் இடத்தில்தான் கணக்கு இடித்தது: கொப்பியில் 4, போனில் பக்கத்து எண் 7. கொப்பிதான் சரி. அடுத்த மாதமும் கொப்பியை வைத்திருக்கச் சொல்லிவிட்டு, எண்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்ட உட்கார்ந்தேன்.