மார்ச் 31க்குள்

ஜனவரி 19, 2024

தாத்தா பையன்களுக்கு முகவீணை, அதாவது கூத்தில் ஊதுகிற சின்னக் குழல், சொல்லித்தர உதவித்தொகை கேட்டு குரு சிஷ்யத் திட்டத்துக்கு எழுதிய விண்ணப்பம் போய்விட்டது. ஸ்பீட் போஸ்ட் ரசீதை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். நாலு பையன்களின் ஆதார் நகல், கலைஞர் நல வாரிய அட்டை, கூத்து போட்டோ பதினொன்று. தாத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "முகவீணைன்னு தெளிவா எழுதினியா கண்ணு? நாதஸ்வரம்னு நெனச்சுக்கப் போறாங்க."

ஜனவரி 23

தகவல் இல்லை. நாலு நாளில் எங்கிருந்து வரும், சரி.

ஜனவரி 30

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குரு சிஷ்யத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 7,500, துணைக் கலைஞருக்கு 3,750, மாணவர் ஒருவருக்கு 1,500. நாலு பையன்களையும் சேர்த்தால் மாதம் 17,250. பெரிய பையன் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறான், ஒரு நாள் கூலி 600. சனி, ஞாயிறு இங்கே வந்தால் மாதத்துக்கு எட்டு நாள் போச்சு, 4,800 ரூபாய். அவன் கைக்கு வரப்போகும் 1,500 அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அந்தப் பணம் வேண்டும். ஏனென்றால் அவன் அம்மா இங்கே வந்து நின்றபோது கேட்ட கேள்வி, "ஊதினா என்னம்மா கிடைக்கும்?" அதற்கு ஒரு ரூபாயாவது காட்டிப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

பிப்ரவரி 6

தாத்தாவுக்கு இருமல்.

பிப்ரவரி 8

இருமல் நிற்கவில்லை. முகவீணை ஒரு முழம்கூட இருக்காது, ஆனால் அது குடிக்கிற மூச்சு கொஞ்சமில்லை. வேஷக்காரர் ஒரு அடி பாடி நிறுத்தினால் அதே அடியை இவர் வாங்கி ஊத வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடியும்வரை இப்படியே. இப்போது பல ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஆர்மோனியம் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் ஊதுகிறவர் என்று எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான், அவருக்கு இருமல். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? படிவத்தில் 'திட்டத்தின் அவசியம்' என்று மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.

பிப்ரவரி 14

இன்று இருமல் குறைவு. திண்ணையில் உட்கார்ந்து சீவாளி, அதான் குழலின் வாயில் செருகி ஊதுகிற நாக்கு, பார்த்தார். வெற்றிலைச் செல்லம் மாதிரி ஒரு சின்ன தகர டப்பா, அதற்குள் துணி சுற்றிய ஆறு சீவாளி, ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்றை வாயில் வைத்து ஊற விட்டார், எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உதட்டுப் பக்கம் லேசாகச் சுரண்டினார், மறுபடி வாயில் வைத்தார். பீ என்று ஒரு சத்தம். தலையை ஆட்டித் தனியாக வைத்தார். ஆறில் தேறியது இரண்டு.

பிப்ரவரி 27

போன் வந்தது! பணம் இல்லை, திருத்தம். தாத்தாவின் ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமாம்.

மார்ச் 5

பேங்க். மேனேஜர் லீவு. தாத்தாவை ஆட்டோவில் கூட்டிப் போய் ஆட்டோவில் கூட்டி வந்தேன், 240 ரூபாய்.

மார்ச் 7

மறுபடி பேங்க். படிவம் கொடுத்தாச்சு. ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு வந்து கொல்லையில் நின்று அழுதேன்.

மார்ச் 12

இயல் இசை நாடக மன்றத்தின் மாத உதவித்தொகைக்கு எழுதிப் போடலாமே, 3,000 வருமே என்று பக்கத்துத் தெரு வேஷக்காரர் சொன்னார். நல்லதற்குத்தான் சொன்னார். அது பல வீட்டில் அரிசி வாங்கிப் போடுகிற பணம், நான் மறுக்கவில்லை. தாத்தா படிவத்தின் தலைப்பைப் படிக்கச் சொன்னார். நலிந்த கலைஞர் என்று படித்தேன்.

"நான் எங்கம்மா நலிஞ்சேன்? நாலு புள்ளைக்குச் சொல்லித் தரேன், அதுக்குக் கூலி குடுக்கச் சொல்லு."

அதன்பிறகு சாப்பிடும்வரை பேசவில்லை. 1986ல் தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் ஆரம்பித்த புதிதில் அங்கே போய் ஊதிய கதையை அப்புறம் தானாகவே எடுத்தார். கேரளாக்காரர் ஒருவர் முகவீணையைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். நூறு தடவை கேட்ட கதை. இன்று முழுசாகக் கேட்டேன்.

மார்ச் 20

இரண்டு பையன்கள்தான் வந்தார்கள்.

மார்ச் 26

பெயர் சரியாகிவிட்டது. நகல் அனுப்பிவிட்டேன். நிதியாண்டு முடிய ஐந்து நாள். அதில் 29 புனித வெள்ளி, 31 ஞாயிறு. விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 30

ஒவ்வொரு மெசேஜ் சத்தத்துக்கும் ஓடுகிறேன். ரீசார்ஜ், லோன், ரீசார்ஜ்.

மார்ச் 31

வரவில்லை.

ஏப்ரல் 7

திரௌபதி அம்மன் கோயில் கூத்து. பெரிய பையன் மில்லில் சொல்லிவிட்டு வந்திருந்தான். கோமாளியாக வருகிற கட்டியங்காரன் திரைக்குப் பின்னால் நின்றபோது தாத்தா சட்டென்று முகவீணையைப் பெரிய பையனிடம் நீட்டினார். முதல் அடி பிசிறியது. இரண்டாவது அடியில் பிடித்துக்கொண்டான். தாத்தா அவன் முதுகில் கை வைத்து, எங்கே மூச்சு எடுக்க வேண்டுமோ அங்கே அழுத்தினார். எத்தனை நேரம் அப்படி இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 8

காலையில் திட்ட ஆபீசுக்குப் போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாளைக்கு மறுபடி. தேறிய சீவாளி இரண்டில் ஒன்றைத் தாத்தா பெரிய பையனுக்குக் கொடுத்துவிட்டார்.